பொனற்றில் ஓட்டை: வெக்கைக்கு வழிவிட்டவர்களின் ஒரு சின்ன வரலாறு

போன ஆவணி மாதம், கம்பஸ் லீவுக்கு நாங்கள் ஐந்து பேர் வன்னியிலுள்ள நண்பன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தோம். பின்னேரம் குளத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போவதற்காக அவனுடைய மாமா தன்ர பழைய ஜீப்பை வெளியில் எடுத்தார். பச்சை நிறம் மங்கிப்போன ஜீப். பொனற்றின் இரண்டு பக்கமும் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்தில் ஓட்டைகள். எங்களில் ஒருத்தி அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்:

"செல் பீஸ் பட்டதோ மாமா?"

மாமா சிரித்துவிட்டார். "இல்லைப் பிள்ளை. இது நான் வெட்டினது."

எங்களுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு இயல்பாக வாயில் வந்தது எண்டு பிறகு யோசித்தோம். தகரத்தில், கேற்றில், தண்ணித் தாங்கியில் ஓட்டையைக் கண்டால் அது ஆரோ எங்களுக்குச் செய்தது எண்டு நினைத்தே நாங்கள் வளர்ந்திருக்கிறோம். ஒரு மனுசன் தன்ர சொந்த வாகனத்தில், யோசித்து, அளந்து, தானே வெட்டின ஓட்டை எண்ட ஒண்டு எங்கட கற்பனைக்குள் இருக்கவில்லை.

"ஏன் மாமா வெட்டினீங்கள்?"

"உள்ளுக்க வெக்கை. அது வெளியில போக வழி இல்லை. வழி விட்டன், அவ்வளவுதான்."

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். வரலாறு படிக்கிறோம். என்ஜினைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது, சாவியைத் திருப்பினால் அது வேலை செய்யும் எண்டது மட்டும்தான். திரும்பி வந்த பிறகு அந்த ஓட்டைகளைப் பற்றித் தேடத் தொடங்கினோம். தேடத் தேட, இது ஒரு மாமாவின் கதை மட்டும் இல்லை எண்டு விளங்கியது. வாகனத்தைச் செய்பவருக்கும் அதைப் பாவிப்பவருக்கும் இடையில் நூறு வருசமாக நடக்கும் ஒரு வாக்குவாதம் இது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வெக்கை எங்கே போகும்?

முதலில் அடிப்படை. என்ஜினுக்குள் எரியும் எண்ணெயின் சக்தியில் சின்னப் பங்குதான் சில்லைச் சுழற்றுகிறது. பெரும்பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. அதில் ஒரு பகுதி சைலன்சர் குழாய் வழியே புகையோடு வெளியேறும். இன்னொரு பகுதியை என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ரேடியேற்றருக்கு வரும். முன்னாலுள்ள கிரில் ஊடாக உள்ளே வரும் காற்று, ரேடியேற்றரில் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு பின்னால் போகும்.

இந்த இடத்தில் கனபேர் மறந்துபோகும் ஒரு விசயம் இருக்கிறது. உள்ளே வந்த காற்று வெளியே போகவும் வேணும். முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டின் மற்ற எல்லாக் கதவு யன்னலையும் பூட்டினால் வீட்டுக்குள் காற்றோட்டம் வராது. வாகனத்திலும் அப்படித்தான். சாதாரணக் காரில் சூடான காற்று என்ஜினைத் தாண்டிக் கீழே இறங்கி, வாகனத்தின் அடிப்பக்கத்தால் வெளியேறும். தார் றோட்டில் வேகமாகப் போகும்போது இது பிரச்சினை இல்லாமல் நடக்கும்.

ஆனால் ஜீப் போகும் இடம் வேறு. மணல், சேறு, கல்லு மலை. முதலாம் கியரில், நடந்து போகிற வேகத்தில், என்ஜின் மட்டும் கத்திக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று இல்லை. ரேடியேற்றருக்குப் பின்னால் சுழலும் விசிறி மட்டும்தான் துணை. கஷ்டப்பட்டு ஏறி முடித்து என்ஜினை நிற்பாட்டினால் அந்த விசிறியும் நின்றுவிடும், தண்ணீரும் ஓடாது. சூடான இரும்பு மட்டும் மூடிய பொனற்றுக்குள் இருந்து வெந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஓடும்போது ஒழுங்காக இருந்த வாகனம், நிற்பாட்டி ஐந்து நிமிசத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. காபரேற்றர் காலத்தில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் பழைய ஆட்கள் அந்தக் குழாயில் உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டி வைத்தார்கள். அது வேலை செய்ததா எண்டது பற்றி இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள்.

ஓட்டையோடு பிறந்த பொனற்

ஆரம்பகாலக் கார்களின் படங்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பொனற்றின் பக்கவாட்டில் நெட்டாக வெட்டி, ஒரு ஓரத்தைக் கொஞ்சம் வெளியே வளைத்த கீற்றுகள். மீனின் செவுள் மாதிரி இருக்கும். 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்ட் மொடல் ஏ காரிலும் இந்தக் கீற்றுகள் இருக்கின்றன. அதாவது பொனற்றில் ஓட்டை எண்டது புதுசாக ஆரோ கண்டுபிடித்த விசயம் இல்லை. தொழிற்சாலையே போட்டுக் கொடுத்த ஒன்று.

பிறகு காரின் உடல் வழவழப்பாக, காற்றை வெட்டிக்கொண்டு போகும் வடிவத்துக்கு மாறியது. பொனற் ஒரே துண்டாக, பெட்டிக்கு மூடி போட்டது மாதிரி ஆனது. பக்கக் கீற்றுகள் மெல்ல மெல்ல மறைந்தன. நல்ல றோட்டில் வேகமாக ஓடுகிற ஆட்களுக்கு அது போதும்.

1940இல் அமெரிக்க இராணுவம் ஒரு சின்ன நாலு சில்லு இழுவை வாகனம் கேட்டது. முதல் மாதிரி வாகனத்தைச் செய்துகொடுக்கக் கொடுத்த காலம் வெறும் 49 நாட்கள். பான்டம் எண்ட சின்னக் கம்பனிக்காக கார்ல் புரோப்ஸ்ட் எண்ட பொறியியலாளர் அதை வரைந்து கொடுத்தார். 1940 செப்ரெம்பர் 23ஆம் திகதி அந்த முதல் வாகனம் ஹொலபேர்ட் முகாமில் ஒப்படைக்கப்பட்டது. பிறகு பெரிய அளவில் செய்தது வில்லிஸும் ஃபோர்டும். யுத்தம் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கும் மேலே செய்துவிட்டார்கள். அதுதான் ஜீப்.

அந்த ஜீப்பின் பொனற் தட்டையான ஒரே தகடு. ஒரு கீற்றும் இல்லை. அவசரத்துக்கு, சுலபமாக அச்சில் அடிக்க, அது சரி. ஆனால் அந்த வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போன இடங்களில் ஒன்று லிபியப் பாலைவனம்.

தண்ணியைப் பிடித்த மனிசன், கம்பியை அறுத்த ஆட்கள்

பாலைவனத்தில் வாகனம் சூடாகும் கதை ஜீப்புக்கு முன்னமே தொடங்குகிறது. ரால்ஃப் பக்னோல்ட் எண்ட பிரித்தானிய இராணுவ அதிகாரி 1920களின் கடைசியிலும் 1930களிலும், தன்ர லீவு நாட்களில், நண்பர்களோடு ஃபோர்ட் கார்களில் எகிப்து லிபியப் பாலைவனத்துக்குள் போய்வந்தவர். மணல் எப்படி நகருது எண்டதைப் பற்றி 1941இல் அவர் எழுதி வெளிவந்த புத்தகம் இன்றைக்கும் அந்தத் துறையில் அடிப்படை நூல்.

அவர் கண்ட பிரச்சினை இதுதான். மணலில் ஏறும்போது ரேடியேற்றர் கொதிக்கும். ஆவி மேலாலுள்ள கழிவுக் குழாயால் வெளியே போய்விடும். பாலைவனத்தில் போன தண்ணீர் போனதுதான். குடிக்கக் கொண்டுவந்த தண்ணியை என்ஜினுக்கு ஊத்த வேண்டி வரும். இதற்கு அவர் செய்தது மிகச் சின்ன வேலை. ஆவி வீணாகப் போகும் வழியை அடைத்து, ஒரு றப்பர் குழாயால் அதை வாகனத்தின் பக்கத்தில் கட்டிய ஒரு தகரப் பேணிக்குள் விட்டார். பேணிக்குள் பாதியளவு தண்ணீர். அதற்குள் போன ஆவி குளிர்ந்து தண்ணீராகும். என்ஜின் ஆறியதும் ரேடியேற்றருக்குள் வெற்றிடம் உண்டாகி, அந்தத் தண்ணியைத் தானாகவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இன்றைக்கு எங்கட கார்களில் ரேடியேற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்ரிக் போத்தல் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுதான்.

1940இல் யுத்தம் எகிப்துக்கு வந்தபோது பக்னோல்ட் நெடுந்தூரப் பாலைவனக் குழு எண்ட படைப்பிரிவை உருவாக்கினார். முதலில் சேர்ந்தவர்கள் நியூசிலாந்துக்காரர். அதில் கனபேர் கமக்காரர். உழவு மெசினைத் தாங்களே திருத்திப் பழகிய ஆட்கள். அவர்கள் பாவித்த ஷெவ்ரலே லொறிகளில் கதவு, கூரை, முன்கண்ணாடி எல்லாம் கழற்றப்பட்டன. பெரிய ரேடியேற்றரும் அந்தத் தகரப் பேணி முறையும் பூட்டப்பட்டன.

1942இல் டேவிட் ஸ்ரேலிங்கின் எஸ்.ஏ.எஸ். பிரிவுக்கு ஜீப்புகள் வந்தன. அந்த ஜீப்புகளின் படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். முகம் விகாரமாக இருக்கும். காரணம், கிரில்லில் இருந்த கம்பிகளில் பெரும்பாலானவற்றை அறுத்து எறிந்துவிட்டார்கள். ரேடியேற்றருக்குக் காற்று தாராளமாகப் போகட்டும் எண்டு. பக்னோல்டின் பேணியையும் முன்னால் பூட்டிக்கொண்டார்கள். அந்த வருசம் யூலை மாதக் கடைசியில் சிடி ஹனெய்ஷ் விமானத்தளத்துக்குள் இரவில் புகுந்தது இப்படி அறுத்த 18 ஜீப்புகள்தான்.

யுத்தக் கதைகளைச் சொல்கிறவர்கள் வழக்கமாக அந்த ஜீப்பின் துவக்குகளைத்தான் எண்ணுவார்கள். நாங்கள் அறுபட்ட கம்பியைப் பார்க்கச் சொல்கிறோம். ஏனெண்டால் அதற்குள் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஒரே வெக்கைக்கு மூன்று வேறு கேள்விகள் இருக்கு. வீணாகும் தண்ணியை எப்படிப் பிடிக்கிறது? அது பக்னோல்டின் கேள்வி. காற்றை எப்படிக் கூடுதலாக உள்ளே விடுகிறது? அது கம்பி அறுத்தவர்களின் கேள்வி. சூடான காற்றை எப்படி வெளியே விடுகிறது? அந்த மூன்றாவது கேள்விக்கான பதில்தான் பொனற் ஓட்டை. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் எண்டு தெரியாமல் வெட்டினால், வெட்டுப்பட்டது தகரம் மட்டும்தான்.

கம்பனி போடாததை நாங்கள் போடுவம்

யுத்தம் முடிந்த 1945இலேயே வில்லிஸ் கம்பனி ஜீப்பைக் கமக்காரருக்கு விற்கத் தொடங்கியது. 1948இல் பிரித்தானியாவில் லாண்ட் ரோவர் வந்தது. யப்பானில் மிற்சுபிஷி 1953இல் அனுமதி பெற்று ஜீப் செய்யத் தொடங்கி, 1998 வரைக்கும் நிற்பாட்டவில்லை. மாமாவின் ஜீப் அந்த வழியில் வந்தது. 4டிஆர்5 எண்ட டீசல் என்ஜின். எங்கட நாட்டில் ஜீப் பைத்தியம் பிடித்த ஆட்களிடம் இந்த இலக்கத்தைச் சொன்னால் போதும், கதை விடியும்வரை போகும்.

இதே காலத்தில் தெற்குக் கலிபோர்னியாவில், காய்ந்த ஏரிப் படுக்கைகளில் பழைய ஃபோர்ட் கார்களை ஓடவிட்டுப் பந்தயம் வைத்த இளம் பெடியள் இருந்தார்கள். பொனற்றுக்குள் அடைபடும் காற்றை வெளியே விட, அவர்கள் வரிசை வரிசையாகக் கீற்றுகளை அச்சில் அடித்தார்கள். அழகுக்காகவும் அடித்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. தொழிற்சாலை எடுத்துவிட்ட கீற்றைப் பாவிக்கிறவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்படி வாங்கிப் பிறகு பூட்டும் பாகங்களைச் செய்கிற கம்பனிகள் பெருகி, 1963இல் செமா எண்ட பெயரில் தங்களுக்கெண்டு ஒரு சங்கமே அமைத்துக்கொண்டன.

1970களில் பொனற்றுக்குள் வெக்கை இன்னும் கூடியது. அமெரிக்காவில் 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975 மொடல் கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் பரவலாக வந்தது. மூச்சுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அது சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். அதோடு ஏ.சி. வந்தது. அதன் வெக்கையை வெளிவிடும் பாகத்தை ரேடியேற்றருக்கு முன்னால் வைத்தார்கள். ஓட்டோ கியரின் எண்ணெயைக் குளிராக்கும் குழாய்களும் அந்தப் பக்கமே வந்தன. ரேடியேற்றருக்கு வரும் காற்று வந்து சேர முன்னமே சூடாகிவிட்டது.

1984இல் வந்த ஜீப் செரோக்கி இதற்கு நல்ல உதாரணம். 1987இல் அதற்கு ஆறு சிலிண்டர், 4.0 லீற்றர் என்ஜின் கிடைத்தது. உறுதியான என்ஜின். ஆனால் அதில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கும். பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டர்கள் அந்தச் சூடான புகைக் குழாய்க்கு மேலேயே இருக்கும். மலையில் ஏறி நிற்பாட்டிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்தால் என்ஜின் இருமும். சொந்தக்காரர்கள் முதலில் பொனற்றின் பின்பக்கப் பிணைச்சலுக்குக் கீழே நாலு வொஷரைப் போட்டு, பொனற்றைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார்கள். பிறகு வேறு பழைய கார்களின் காற்றுவழித் தட்டிகளைக் கழற்றி வந்து வெட்டிப் பூட்டினார்கள். பிறகு அதற்கெண்டே செய்த தட்டிகள் கடைக்கு வந்தன. வெட்டுமாதிரிக் கடதாசியோடு வரும். பொனற்றில் ஒட்டி, நாலு மூலையில் துளை போட்டு, ஜிக்சோவால் அறுத்து, ஆணி முடுக்க வேண்டியதுதான்.

கடைசியில் நடந்தது எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. 2010 மொடல் ஃபோர்ட் ராப்டர் பொனற்றில் காற்றுவழியோடு தொழிற்சாலையில் இருந்தே வந்தது. 2013இல் ஜீப் ராங்லர் ரூபிகனின் பத்தாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பும் அப்படியே வந்தது. மொடல் ஏயில் இருந்து எடுத்துவிட்ட ஒன்றை, எழுபது எண்பது வருசத்துக்குப் பிறகு, புதுவசதி எண்டு கூடின விலைக்குத் திருப்பித் தந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அதை உயிரோடு வைத்திருந்தது கராஜ்களும் வீட்டு முற்றங்களும்.

எங்கே வெட்டுறது?

வொஷர் போட்டுப் பொனற்றை உயர்த்தும் கதையில் ஒரு பொறி இருக்கிறது. வாகனம் மெல்ல ஊரும்போது அது நல்லாக வேலை செய்யும். சூடான காற்று இலேசு, மேலே எழும்பும், பின்பக்க இடைவெளியால் போய்விடும். ஆனால் வேகமாகப் போகும்போது முன்கண்ணாடியில் மோதும் காற்று அதன் அடியில் தேங்கி நிற்கும். அந்த இடத்தில் அமுக்கம் கூட. அப்ப அந்த இடைவெளியால் காற்று வெளியே வராது, வெளிக்காற்று உள்ளேதான் தள்ளும். ரேடியேற்றர் ஊடாக வரும் காற்றுக்கு எதிராளி ஒருவரை நாங்களே உள்ளே விட்டது மாதிரி. ஷெவ்ரலே கம்பனி 1970ஆம் ஆண்டளவில் இதைத் தலைகீழாகப் பாவித்து, கண்ணாடியடியில் தேங்கும் அந்தக் காற்றையே என்ஜினுக்குள் எடுக்கும் பொனற்றை விற்றது. ஒரே இடம், ஒருவருக்குக் குறை, இன்னொருவருக்கு வசதி.

ஆகவே காற்று வெளியேற வேணுமெண்டால் அமுக்கம் குறைந்த இடத்தில் வெட்ட வேணும். அது பெரும்பாலும் கண்ணாடியில் இருந்து தள்ளி, ரேடியேற்றருக்குச் சற்றுப் பின்னால், பொனற்றின் முன் நடுப்பகுதியில் இருக்கும். சரி பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. சின்னச் சின்ன நூல் துண்டுகளைப் பொனற்றில் ஒட்டி ஓட்டிப் பார்ப்பார்கள், நூல் எந்தப் பக்கம் சரியுது எண்டு.

மாமாவிடம் அவர் எப்படி இடம் பிடித்தார் எண்டு கேட்டோம். ஒரு நாள் நெல்லு மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு வயல் வரம்பால் வந்து நிற்பாட்டிய கையோடு, பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாராம். எங்கே கையை வைத்திருக்க முடியவில்லையோ, அங்கே சோக்கால் கோடு. பொனற்றைத் தூக்கி, கீழே பலத்துக்குப் போட்ட சட்டங்கள் எங்கே போகுது எண்டு பார்த்து, அதில் கை வைக்காமல் கோட்டைத் திருத்தினார். ஒவ்வொரு கீற்றின் இரண்டு முனையிலும் முதலில் வட்டத் துளை போட்டார். கூர் மூலையாக விட்டால் அதிர்வில் தகடு அந்த மூலையில் இருந்து கிழியத் தொடங்குமாம். ஒரு ஓரத்தை வெட்டாமல் விட்டு மேலே வளைத்து, வாயைப் பின்பக்கம் பார்க்க வைத்தார். அராவி, துருப்பிடிக்காமல் பெயின்ற் அடித்தார். மழைத் தண்ணி நேரே என்ஜினில் ஒழுகாமல் கீழே ஒரு தகரத் தாங்கி.

"டீசல் எண்டபடியால் எனக்குக் கொஞ்சம் துணிவு" எண்டார். "பெற்றோல் என்ஜின் எண்டால் தண்ணி பட்டுக் கரண்ட் ஒழுகி நிண்டிடும்."

பிறகு சொன்னதைத்தான் நாங்கள் குறித்து வைத்தோம்: "வெட்டுறது கடைசி வேலை, தம்பி. முதல்ல ரேடியேற்றரில அடைச்ச வைக்கலையும் பூச்சியையும் பின்பக்கத்தால தண்ணி அடிச்சுக் கழுவினன். பெல்ற்றைப் பார்த்தன். தெர்மோஸ்ராற்றைக் கழட்டிச் சுடுதண்ணிக்க போட்டுத் திறக்குதோ எண்டு பார்த்தன். எல்லாம் சரி, அப்பவும் வெக்கை. அதுக்குப் பிறகுதான் வெட்டினன். வருத்தம் என்னெண்டு தெரியாமல் ஒபரேசன் செய்யக் கூடாது."

வெக்கையைப் பிடித்து வைத்த காலம்

குளக்கட்டில் இருந்து கதைக்கும்போது மாமா இன்னொன்று சொன்னார். "உங்களுக்கு இது புதினம். எனக்கு ஒரு காலத்தில இதுக்கு நேர்மாறான வேலை இருந்தது. வெக்கை போகாமல் பார்க்கிற வேலை."

1990இல் இருந்து வடக்கில் பொருளாதாரத் தடை. பெற்றோல் தடைப்பட்ட பொருட்களில் ஒன்று. அப்ப யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மோட்டார்சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின எண்டது எங்கட வீடுகளில் எல்லாரும் சொல்லும் கதை. வெள்ளைப் புகை, அந்த மணம், ஒரு சின்னப் போத்தலில் பொன் மாதிரிக் காத்து வைத்த பெற்றோல். நாங்கள் அதைக் கேட்டுக் கேட்டு, ஒரு பகிடிக் கதை மாதிரிக் கடந்து போயிருக்கிறோம். அதற்குள் இருக்கும் அறிவை ஒருநாளும் கேட்டதில்லை.

பெற்றோல் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படி ஆவியாகாது. குளிர்ந்த என்ஜினுக்குள் அது துளியாகவே நிற்கும், எரியாது. அதனால் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, என்ஜின் நல்லாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். இதே முறையில் ஓடின உழவு மெசின்களைப் பிரித்தானியத் தொழிற்சாலைகள் 1940களிலேயே செய்து விற்றிருக்கின்றன. பெர்குசன் உழவு மெசினில் அப்படி ஒரு வகை இருந்தது. ரேடியேற்றரின் முகத்தை மறைத்து, என்ஜினைச் சூடாகவே வைத்திருக்க அதற்கெண்டு திரைகூட இருந்தது. அந்தப் பொறியியலாளர்கள் வரைபடத்தோடு, பரிசோதனைக் கூடத்தோடு செய்ததை, எங்கட ஆட்கள் தடைக்கு நடுவில், கராஜ் வாசலில், கையில் இருந்த காரில் செய்துகொண்டார்கள்.

சூட்டில் ஏறக்குறைய எரிந்து போகும் நிலைக்கும் சூடு காணாமல் நின்றுபோகும் நிலைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதைக் காதாலும் மூக்காலும் உள்ளங்கையாலும் அளந்த ஆட்கள் அவர்கள். மாமா பொனற்றில் கை வைத்து இடம் பிடித்தது எங்கே படித்த படிப்பு எண்டு அப்பதான் எங்களுக்கு விளங்கியது.

ஆர் எழுதுறது?

டேவிட் எட்ஜர்ட்டன் எண்ட வரலாற்றாசிரியர் 'த ஷொக் ஒஃப் த ஓல்ட்' எண்ட தன்ர நூலில் ஒரு வாதத்தை வைக்கிறார். தொழில்நுட்ப வரலாற்றை நாங்கள் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதுகிறோம், அதைப் பாவனையின் வரலாறாக எழுதிப் பார்த்தால் கதையும் நாயகர்களும் மாறிவிடுவார்கள் எண்டது அதன் சாரம். இந்தச் சின்ன ஓட்டையை வைத்துப் பார்த்தாலே அது சரி எண்டு தெரிகிறது. கண்டுபிடிப்பு வரலாற்றில் ஜீப் 1940இல் கார்ல் புரோப்ஸ்டோடு முடிந்துவிடும். பாவனை வரலாற்றில் அது அங்கேதான் தொடங்குகிறது. லிபியாவில் கம்பி அறுத்தவன், பொனற்றுக்குக் கீழே வொஷர் போட்டவன், வன்னியில் சோக்கால் கோடு போட்ட மாமா எல்லாரும் அதற்குள் வருவார்கள்.

இதைப் பெருமைக் கதையாக மட்டும் எழுதவும் எங்களுக்கு விருப்பம் இல்லை. பக்னோல்டின் ஆட்கள் போனது ஒரு பேரரசின் யுத்தத்துக்கு. எங்கட ஆட்கள் மண்ணெண்ணெயில் ஓடினது விருப்பத்தில் இல்லை, வேறு வழி இல்லாமல். "இல்லாமையிலும் எப்படிச் சமாளித்தார்கள் பார்" எண்டு கைதட்டும்போது, அந்த இல்லாமையை ஆர் உண்டாக்கினது எண்ட கேள்வி மறைந்துபோகக் கூடாது. இரண்டையும் சேர்த்தே எழுத வேணும்.

ஆனால் எழுத வேணும். பக்னோல்ட் தன்ர தகரப் பேணியைப் பற்றித் தானே எழுதி வைத்தார், அதனால் நாங்கள் இன்றைக்கு வாசிக்கிறோம். 1990களில் யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டிய, திருத்திய ஆட்களுக்கு இப்ப அறுபது, எழுபது வயசு. எந்தக் காரில் என்ன மாற்றினார்கள், எந்தப் பாகம் முதலில் பழுதானது, எது சரிவரவில்லை எண்டதெல்லாம் பெரும்பாலும் அவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. நாங்கள் கலைப்பீடத்தில் ஆய்வுக்குத் தலைப்பு இல்லை எண்டு மூன்றாம் வருசம் முழுக்க அலைகிறோம். தலைப்பு கராஜில் ஒயில் கையோடு நிற்கிறது.

அண்டு இருட்டுப்படும் நேரம் திரும்பி வந்து ஜீப்பை முற்றத்தில் நிற்பாட்டினோம். அந்தக் கீற்றுகளுக்கு மேலே காற்று நெளிந்து நெளிந்து எழும்பியது. முதலில் செல் பீஸ் எண்டு கேட்ட பிள்ளை கையை ஒரு கீற்றுக்கு மேலே பிடித்துப் பார்த்தாள், சுடுது எண்டு எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து மாமாவுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"மாமா, முதல்ல இருந்து சொல்லுங்கோ. மண்ணெண்ணெயில ஓடின முதல் கார் எது?"

மாமா யோசித்தார். "முதல் காரோ... அது என்ர இல்லை. அது எங்கட மாஸ்ரற்ற மொறிஸ் மைனர்" எண்டு தொடங்கினார். எங்கட கொப்பியில் இதுவரைக்கும் பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. உங்கட வீட்டிலும் இப்படி ஒரு மாமா, ஒரு பெரியப்பா, ஒரு அப்பப்பா இருப்பார். இந்த லீவுக்குப் போகேக்க ஒரு கொப்பியையும் கொண்டு போங்கோ.